மூன்று வேட்டுகளும் எக்ஸ்ரே அம்மாவும்

“நான் உசிரோட இருக்கற வரைக்கும் இந்தத் தெருவுல இனிமே ஒரு வேட்டுச் சத்தம் கேட்காது. கேட்டுச்சுன்னா என் ரெண்டு காதையும் அறுத்து உங்க கையில குடுத்துடறேன்!”

எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், தண்ணீர்த் தொட்டி கழுவும் தீர்மானத்துக்கும் மாடிப்படி விளக்குத் தீர்மானத்துக்கும் நடுவே எழுந்து நின்று இந்தச் சபதத்தைச் செய்தவர் மூன்றாம் மாடி எக்ஸ்ரே அம்மா. பேரரசர்கள்கூடப் போர் அறிவிக்கும்போது இதைவிடக் கொஞ்சம் வளவளவென்று பேசியிருப்பார்கள். யாரும் கைதட்டவில்லை. செயலாளர் மட்டும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “காது விஷயத்தையும் குறிப்புல சேர்க்கணுங்களா?” என்று கேட்டார்.

“சேருங்க. ரெண்டு காதும்னு போடுங்க.”

ஆயுள் முழுக்கப் பொது மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். “மூச்சை இழுத்துப் பிடிங்க… அசையாதீங்க… ம், விடலாம்.” இந்த மூன்று கட்டளைகளால் ஊரையே ஆண்டவர். அவர் சொல்லி மூச்சைப் பிடிக்காத நெஞ்சு எங்கள் பக்கத்தில் கிடையாது. தாதாக்கள், தாசில்தார்கள், சம்பந்தி வீட்டார் என்று எல்லோரும் சட்டையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் கோழிக்குஞ்சு மாதிரி நின்றிருக்கிறார்கள். அதனாலேயே மனிதர்கள்மீது அவருக்குப் பெரிய மதிப்பு ஒன்றும் இருந்ததில்லை. யாரையாவது புகழ்ந்து பேசினால், “உள்ள எல்லாம் ஒரே கூடுதான்” என்பார். புதிதாகக் குடிவந்த கல்யாண ஜோடியைப் பார்த்து, “பொண்ணுக்குத் தோள் எலும்பு நல்லா அமைஞ்சிருக்கு” என்று வாழ்த்தியவர் அவர்.

சபதத்துக்குக் காரணம், எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரே இருக்கும் ராணுவக் கல்லறைத் தோட்டம்.

அங்கே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொடி போர்த்திய பெட்டியைத் தோளில் சுமந்து வருவார்கள். துப்பாக்கி அணி வரிசையாக நிற்கும். ஒருவர் தொண்டை கிழியக் கட்டளை போடுவார். வானத்தைப் பார்த்து மூன்று முறை வேட்டுப் போடுவார்கள். எல்லாம் வெற்றுத் தோட்டா. காக்கை பறக்குமே தவிர யாருக்கும் காயம் படாது. பிறகு பியூகிள் என்னும் ஊதுகொம்பு ஒலிக்கும். கொடியை மடித்து வீட்டாரிடம் கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

இதைப் பொதுமக்களாகிய நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும். நாங்கள் அதை பால்கனியிலிருந்து பார்த்தோம், கையில் காப்பியோடு. உறவினர் வந்தால், “நாளைக்கு ஒண்ணு இருக்காம், இருந்து பாத்துட்டுப் போங்க” என்று வற்புறுத்தி நிறுத்தினோம். முதல் வேட்டுக்குத் திடுக்கிட்டு, இரண்டாவதற்குக் கைபேசியைத் தேடி, மூன்றாவதைப் படம் பிடித்தோம். பியூகிள் ஊதும்போது எங்களுக்குக் கண் கலங்கியது உண்மை. ஊதி முடித்ததும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனதும் உண்மை.

இரண்டாம் மாடி இன்சூரன்ஸ்காரர் இந்த விஷயத்தில் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். பாலிசி போடத் தயங்கும் ஆட்களை இறுதிச் சடங்கு நாளாகப் பார்த்து வீட்டுக்கு அழைப்பார். பால்கனியில் உட்காரவைத்து பிஸ்கட் கொடுப்பார். வேட்டு வெடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டார். வெடித்ததும், “மனுஷ வாழ்க்கை இவ்ளோதாங்க” என்று பேனாவை நீட்டுவார். மூன்றாவது வேட்டைத் தாண்டி உறுதியாக நின்ற ஆள் ஒருவர்கூட இல்லை.

எக்ஸ்ரே அம்மாவின் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருந்தவர்தான். சமையல்காரர். துப்பாக்கியைத் துடைத்ததைவிட அண்டாவைத் துடைத்ததே அதிகம். ஓய்வு பெறும்போது பட்டாளத்து ஆட்கள் ஒரு பெரிய அலுமினிய அண்டாவையும் இரும்புக் கரண்டியையும் நினைவுப் பரிசாகக் கொடுத்து அனுப்பினார்கள். அதிலிருந்து கட்டடத்தில் அவருக்கு ‘அண்டா’ என்றே பெயர். சமையல் ஆனதும் அண்டா விளிம்பில் கரண்டியால் மூன்று தட்டுத் தட்டுவது அவர் வழக்கம். அந்தச் சத்தத்துக்குப் பட்டாளமே தட்டோடு ஓடிவருமாம். வீட்டிலும் அப்படித்தான் தட்டினார். சாப்பிட இருந்ததோ பெண்டாட்டியும் மகளும் மட்டும். இன்சூரன்ஸ்காரர் மேலே ஏறி வந்து, “இது வீடா, முகாமா?” என்று சண்டை போட்டார். அன்றோடு எக்ஸ்ரே அம்மா கரண்டியை பால்கனி ஆணியில் மாட்டிவிட்டு, அண்டாவில் வெங்காயத்தைக் கொட்டிவைத்தார்.

பிறகு அண்டாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறியது. ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். படுத்த வாக்கில் அவருக்கு வானம் மட்டும்தான் தெரியும். எதிரே வேட்டுப் போடும்போதெல்லாம் அவருடைய இடக்கை கட்டில் கம்பியின் மேல் வெட்டி வெட்டித் துடிப்பதை எக்ஸ்ரே அம்மா கவனித்தார். நெஞ்சு, எலும்பு என்று உலகத்தையே ஊடுருவிப் பார்த்த கண் அல்லவா? ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்: பயம். இப்படியே போனால் ஒருநாள் வேட்டோடு வேட்டாக மனிதர் போய்விடுவார்.

நேரே கல்லறைத் தோட்டத்து வாசலுக்குப் போனார். கட்டளை போடுகிறவரை நாங்கள் ‘தொண்டை’ என்று அழைப்போம். அவருக்கு அது தெரியாது.

“தம்பி, எதிர்ல ஒரு நோயாளி படுத்திருக்காரு. இந்த வேட்டை நிறுத்துங்க.”

“தம்பின்னு கூப்பிடாதீங்கம்மா. யூனிபார்ம்ல இருக்கேன்.”

“யூனிபார்முக்குள்ள யாரு இருக்கா? தம்பிதானே?”

தொண்டைக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. “இது நாட்டுக்காக உசிரைக் குடுத்தவங்களுக்குச் செய்யற மரியாதை.”

“நேத்து போனவர் குளியலறையில வழுக்கி விழுந்து போனாரு. எந்த எதிரியைப் பாத்து வழுக்கினாரு?”

“உடுப்புப் போட்ட எல்லாருக்கும் உண்டு. உங்க வீட்டுக்காரருக்கும் உண்டு.”

“அவர் சட்டி தூக்கினவரு.”

“அந்தச் சட்டியில தின்னுட்டுத்தாம்மா நாங்க துப்பாக்கி தூக்கினோம்.”

“அவருக்கு ஒரு மரியாதையும் வேணாம். அவர் பொழைச்சுக் கெடந்தா போதும். உங்க மரியாதையை உங்க சட்டைப் பையிலயே பத்திரமா வச்சுக்கோங்க, தம்பி.”

அந்தக் கடைசி ‘தம்பி’க்காகத்தான் தொண்டை அடுத்த வாரம் கட்டளையை இன்னும் உரக்கப் போட்டார் என்பது எங்கள் கணிப்பு. சபதம் பிறந்தது அந்த வாரத்தில்தான்.

போர் நீண்டது. நகராட்சி, சுகாதாரத் துறை, காவல் நிலையம் என்று ஏறி இறங்கினார். எல்லோரும் எழுந்து நின்று, “ராணுவ விஷயம்மா” என்று கைகூப்பி அனுப்பினார்கள். நாட்டில் எதையும் யாரும் மதிப்பதில்லை என்று சொல்வது தவறு; கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் மட்டும் எல்லோருக்கும் மதிப்பு வந்துவிடுகிறது. இன்சூரன்ஸ்காரர் மாடிப்படியில் மறித்து, “தேசத் துரோகம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?” என்றார். “உங்க பிஸ்கட் செலவு மிச்சம்னு நெனைச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு இவர் ஏறிப்போனார்.

கடைசியில் வட்டாரப் பெரிய அதிகாரியைப் பார்க்க நேரம் கிடைத்தது. அறைக்குள் நுழைந்ததும் எக்ஸ்ரே அம்மா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. இடது தோளைப் பார்த்தார். பயிற்சியில் விழுந்து உடைந்ததாக அதிகாரி தன் வட்டாரம் முழுக்கச் சொல்லிவைத்திருந்த தோள் அது. ஆனால் நாற்காலியில் ஏறி ஒட்டடை அடித்தபோது விழுந்ததாகத்தான் அன்று எக்ஸ்ரே அறையில் அவர் சொல்லியிருந்தார்.

“தோள்பட்டை இப்ப எப்படிங்க இருக்கு?” என்றார் எக்ஸ்ரே அம்மா, கனிவாக. “ஒட்டடை அடிக்கறதுக்கெல்லாம் இனிமே ஆள் வச்சுக்கோங்க.”

கொஞ்ச நாளில் உத்தரவு வந்துவிட்டது. அதற்கு ‘அமைதி மரியாதை’ என்று பெயர். அணிவகுப்பு உண்டு, கட்டளை உண்டு, பியூகிள் உண்டு, துப்பாக்கியை உயர்த்துவதும் விசையை அழுத்துவதும் உண்டு. தோட்டா மட்டும் கிடையாது.

முதல் நாள் நாங்கள் எல்லோரும் பால்கனியில் கூடினோம். தொண்டை அடிவயிற்றிலிருந்து முழங்கினார். துப்பாக்கிகள் வானத்தைக் குறிபார்த்தன. “சுடு!”

டக்.

பக்கத்து வீட்டில் யாரோ தாழ்ப்பாள் போட்டது போல இருந்தது. காக்கைகள் ஏமாந்து அப்படியே உட்கார்ந்திருந்தன. நாலாம் மாடியில் ஒருவர் சிரித்துவிட்டார். தொண்டையின் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. காது சிவந்தது தெரிந்தது. இன்சூரன்ஸ்காரருடைய அன்றைய ஆள் இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டு, யோசித்துச் சொல்வதாகக் கிளம்பிப் போனார்.

எக்ஸ்ரே அம்மா வென்றார். வெற்றி பெற்றவர்களைப் போலவே தனியாக இருந்தார். படியில் எதிர்ப்பட்டால் எல்லோரும் சுவரைப் பார்த்தோம். அவர் கவலைப்படவில்லை. வீட்டில் கட்டில் கம்பியின் மேல் அந்தக் கை துடிக்கவில்லை. அது போதும்.

ஒருநாள் அண்டா கேட்டார், குழறலாக: “ஏன்… சுடல?”

“யாரும் சாகலைங்க.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “நல்லது,” என்றார். அன்று வழக்கத்தைவிட இரண்டு வாய் அதிகம் சாப்பிட்டார். அடுத்த வாரமும் கேட்டார். “இன்னும்… யாரும் சாகல?” இல்லை என்றார் இவர்; பெட்டி வரும் நாட்களில் கட்டளையும் பியூகிளும் கேட்காதபடி ஜன்னலைச் சாத்தி ரேடியோவை உரக்க வைத்தார். படைவீரர்கள் சாவதையே நிறுத்திவிட்ட ஒரு பொற்காலத்தில் அண்டா சில மாதம் நிம்மதியாக வாழ்ந்தார். கன்னத்தில் சதை பிடித்தது. எக்ஸ்ரே அம்மா அதைக் காட்டி, “பாத்தீங்களா, நான் சொன்னேன்ல?” என்று மருத்துவரிடம்கூடச் சொல்லிக்கொண்டார்.

பொற்காலத்தை முடித்துவைத்தவர் வெளியூரிலிருந்து வந்த மகள். பாசத்தில் ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்திருந்தார். எக்ஸ்ரே அம்மா மருந்துக் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து அப்பாவை அதில் உட்காரவைத்துக் காற்று வாங்க பால்கனிக்குத் தள்ளிப்போனார். எக்ஸ்ரே அம்மா திரும்பி வந்தபோது கீழே பெட்டி வந்துகொண்டிருந்தது. வானத்தை மட்டும் பார்த்துக் கிடந்த மனிதர் முதல்முறையாகத் தரையைப் பார்த்தார். கொடி. அணி. “சுடு!” டக். “சுடு!” டக். டக்.

பொதுமக்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டால் அது அறியாமை. பட்டாளத்து ஆள் தவறாகப் புரிந்துகொண்டால் அதற்கு ஒரு விதி இருக்கும். அண்டாவின் விதி எளிமையானது: வேட்டு இல்லை என்றால் செத்தவன் ஏதோ தப்பு செய்தவன்.

“பாவம்,” என்றார். “என்ன தப்பு… பண்ணானோ.”

“ஒரு தப்பும் பண்ணலப்பா,” என்றார் மகள். “இப்பல்லாம் எல்லாருக்கும் இப்படித்தான்.”

அண்டா கொஞ்ச நேரம் அதை மென்றார். “எல்லாரும்… தப்பா?” பிறகு பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார். “எனக்கும்… டக்கா?”

எக்ஸ்ரே அம்மா கையிலிருந்த மருந்துப் பையைப் பிரிக்க ஆரம்பித்தார்.

“நான் என்ன பண்ணேன்? ஒரு தடவை… உப்பு கூடிப்போச்சு. அதை இன்னுமா… நெனைப்புல வச்சிருக்கான்?”

அன்றிலிருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. வாய்க்கு அருகே கரண்டி வரும்போதெல்லாம் “உப்பு… சரியா?” என்று கேட்டார். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரே அம்மா கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க பாருங்க. யாரும் உங்க மேல குத்தம் சொல்லல. நான்தான் சண்டை போட்டு நிறுத்தச் சொன்னேன். வேட்டுப் போட்டா உங்க கை அப்படிப் பயந்து துடிக்குதே, அதான்.”

“பயமா?” அண்டாவுக்கு வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. இடக்கையைத் தூக்கினார். இல்லாத ஒரு கரண்டியைப் பிடித்து, கட்டில் கம்பியில் தட்டினார். ஒன்று. நிறுத்தினார். இரண்டு. நிறுத்தினார். மூன்று. “சாப்பாடு… ரெடி,” என்றார்.

எதிரே ஒவ்வொருவர் போகும்போதும் அவர் படுத்த இடத்திலிருந்தே சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார். அவ்வளவுதான் அந்தத் துடிப்பு.

மறுநாள் காலை எக்ஸ்ரே அம்மா கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார்.

“ஐயா,” என்றார்.

தொண்டை திரும்பி, தனக்குப் பின்னால் யாராவது அதிகாரி நிற்கிறாரா என்று பார்த்தார். யாரும் இல்லை.

“ஐயா, எங்க வீட்டுக்காரருக்கு… அந்த நேரம் வந்தா… பழையபடி ஒரே ஒரு தடவை செய்ய முடியுமாங்க?”

தொண்டை இந்த நாளுக்காகக் காத்திருந்தவர். பேச வேண்டிய வசனங்கள் அவரிடம் நிறையவே இருந்திருக்கும். “எங்க கூட்டம் தாழ்ப்பாள் போடற கூட்டம்னு ஊரே சிரிக்குதும்மா,” என்று ஒன்றைத்தான் எடுத்தார். அதையும் முடிக்காமல் விட்டுவிட்டார். “என் கையில ஒரு தோட்டா கிடையாது. மேலதான் கேக்கணும்.”

மேலே தோள் உடைந்த அதிகாரி மாற்றலாகிப் போயிருந்தார். புது அதிகாரிக்கு எல்லா எலும்பும் ஒழுங்காக இருந்தது. பேச ஒரு வழியும் இல்லை. ஆனால் எக்ஸ்ரே அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்து வரவேற்றார்.

“நீங்கதானா அது! அமைதி மரியாதைக்கு முன்னோடியே நீங்கதாம்மா. பொதுமக்கள் உணர்வுக்கு மதிப்புக் குடுத்த திட்டம்னு எங்களுக்குப் பாராட்டு வந்திருக்கு. இப்ப மத்த ஊர்லயும் கொண்டுவரப் போறாங்க.”

“அதை நிறுத்தணுங்க.”

“எதை?”

“அமைதியை.”

அதிகாரி நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். காப்பி வரவழைத்தார். கிளம்பும்போது ஒரு பூங்கொத்தும் கொடுத்துவிட்டார்.

பூங்கொத்தோடு படியேறியவரை இன்சூரன்ஸ்காரர் மறித்தார். விஷயம் அதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்திருந்தது. “அடுத்தவன் சாவுக்கு வேட்டு வேணாம். உங்க வீட்டுச் சாவுக்கு மட்டும் வேணுமா? நல்ல நியாயங்க!” நாங்கள் கதவிடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். சந்தோஷமாக இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. எக்ஸ்ரே அம்மா பூங்கொத்தை அவர் கையில் திணித்துவிட்டு மேலே போனார்.

அண்டா அந்த மாதத்திலேயே போய்விட்டார். எந்தச் சத்தமும் இல்லாமல், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்.

தொண்டை தொப்பியைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்தார். “தோட்டா மட்டும் இல்லம்மா. மத்ததுல ஒரு குறையும் வைக்க மாட்டேன்.”

“வைக்காதீங்க,” என்றார் எக்ஸ்ரே அம்மா. “கொடியை என் பொண்ணு கையில குடுங்க. நான் கீழ வரல. அவர் எங்க இருந்து கேட்டாரோ அங்க இருந்து பாத்துக்கறேன்.”

இது போதாதா எங்களுக்கு? கட்டின புருஷனை வழியனுப்பக்கூட இறங்கி வராத பொம்பளை என்று ஒவ்வொரு மாடியும் மற்ற மாடிக்குத் தெரிவித்தது. கண் கலங்கக்கூட இல்லையாம். வெங்காயத்தையெல்லாம் தரையில் கொட்டி, உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறாராம். வேட்டு இருக்காது என்று தெரிந்தும் நாங்கள் பால்கனிகளை நிரப்பினோம். இன்சூரன்ஸ்காரர்கூடப் பழைய பழக்கத்தில் ஓர் ஆளைக் கூட்டிவந்திருந்தார்.

பெட்டி வந்தது. மகள் பின்னால் நடந்தார். அணி வரிசையில் நின்றது. சமையல்காரருக்கு ஒரு தளபதிக்கு உண்டான அளவு குரலை எடுத்தார் தொண்டை.

“சுடு!”

டக்.

டங்ங்ங்.

தோட்டத்துக் காக்கைகள் மொத்தமும் ஒரேயடியாகக் கிளம்பின. கீழே நின்ற பொதுமக்கள் துப்பாக்கிகளைப் பார்த்தார்கள். தொண்டை எதையும் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த கட்டளையை உடனே போடவில்லை. மேலே அந்த ஓசை முழுக்க அடங்கும்வரை காத்திருந்தார்.

“சுடு!”

டக். டங்ங்ங்.

இன்சூரன்ஸ்காரருக்குப் பொறுக்கவில்லை. தன் பால்கனியிலிருந்து உடம்பை வெளியே வளைத்து, மூன்றாம் மாடியைப் பார்த்துக் கத்தினார். “யாருங்க அது, இந்த நேரத்துல பாத்திரத்தைத் தட்டறது? மரியாதை தெரியாது?”

“நான்தாங்க,” என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது. எக்ஸ்ரே அறையில் இருட்டுக்குள்ளிருந்து வருமே, அதே தணிந்த குரல். “மூச்சை இழுத்துப் பிடிங்க. இன்னும் ஒண்ணு இருக்கு.”

எங்களையறியாமல் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். இரும்புக் கரண்டியை அவர் மூன்றாவது முறையாக ஓங்கினார்.